வருஷத்துக்கு நாலு இழுப்பு

செய்தி வந்தபோது சனிக்கிழமை மாலை நாலே முக்கால். ஜாம் செய்வதற்காக அடுப்பில் ஆப்பிள் வெந்துகொண்டிருந்தது. தொலைபேசியில் அக்கா மார்சியின் குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. "கிளென் போயிட்டான்" என்றாள்.

எப்போது, எப்படி என்று நான் கேட்கவில்லை. "மேட்டுலயா?" என்று கேட்டேன்.

"இல்ல. வீட்டு வாசல்ல. மேடு ஏறி வந்து, வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டுட்டு, அந்தப் படியில உட்காந்திருக்கான். நான் காபி எடுத்துட்டு வந்து பாக்குறேன், தலை சாஞ்சிருக்கு." பிறகு, "கட்டை போட்டுட்டான்டி" என்றாள்.

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். அழுகை பிறகுதான் வந்தது. அதற்கு முன்னால், பல வருடங்களாகத் தோளில் இறுகியிருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. அக்காவுக்கும் அது தளர்ந்திருந்தது. அவள் மூச்சு விட்ட விதத்திலேயே தெரிந்தது. நாங்கள் இருவரும் பயந்துகொண்டிருந்த அழைப்பு வேறு. அது குவாரி மேட்டிலிருந்து, ஷெரிஃப் அலுவலகத்து ஆள் யாராவது ஒருவர் குரலில் வரும் என்று நினைத்திருந்தோம். அது வரவில்லை. இனி வரவும் போவதில்லை.

கிளென் ருவோனா என் அக்கா புருஷன். மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். சுப்பீரியர் ஏரியின் தென்கரையில் எங்கள் பக்கத்துச் சாலைகளில் ஒவ்வொரு வளைவும் பனிக்கு அடியில் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் பாதி வாக்கியத்தோடு விட்டுவிட்டு மீதியைக் கேட்பவர் முடித்துக்கொள்ளட்டும் என்று காபியை எடுத்துவிடுவார்.

அவர் செய்த ஒரே ஆடம்பரம் அந்தச் சௌனா, சூடான கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் குளிக்கும் அறை. பழைய படகு டிரெய்லர் ஒன்றின் சட்டத்தின்மேல் தேவதாருப் பலகையில் ஓர் அறை கட்டி, உள்ளே இரண்டடுக்குப் பலகை போட்டு, பின்பக்கம் விறகு அடுப்பும் அதன்மேல் கல்லும் வைத்து, கூரையில் புகைபோக்கியும் பொருத்தியிருந்தார். பின்னால் ஏறி இறங்க ஒரு மரப்படி. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு சின்ன வீடு சக்கரம் முளைத்து ஊருக்குக் கிளம்பிவிட்டதுபோல இருக்கும். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் சௌனா உண்டு. ஆனால் கல்யாண வீட்டுக்கு நகர்ந்து வரும் சௌனா கிளெனிடம் மட்டும்தான் இருந்தது.

அது வருஷத்தில் நான்கு முறை வெளியே வரும். மே மாதம் ஏரிக்கரைக் கேம்பை, அதாவது கோடை வீட்டை, திறக்கும்போது. ஜூனில் நடுக்கோடைக் கூட்டத்துக்கு. ஆகஸ்டில் யாராவது ஒருவர் கல்யாணத்துக்கு. அக்டோபரில் கேம்பைச் சாத்தும்போது. மற்ற நாளெல்லாம் கொட்டகைக்குள் தார்ப்பாய் மூடி நிற்கும். நான்கு பயணமும் ஏரிக்குத்தான். ஏரிக்குப் போகிற சாலை ஒன்றே ஒன்று. அது குவாரி மேட்டில் இறங்கித்தான் போகும்: ஒரு பக்கம் கல் வெட்டிய பள்ளம், இன்னொரு பக்கம் பாறை, நடுவில் சரிவு, சரிவின் கால்வாசியில் ஒரு வளைவு.

பழைய பிக்கப் வண்டியைப் பனி உருகச் சாலையில் போடும் உப்பு தின்றுவிட்டது. கதவைச் சாத்தினால் துருவாகக் கொட்டியது. பல வருடம் முன்னால் ஓர் இலையுதிர்காலத்தில் புது வண்டி வாங்க இருவரும் டவுனுக்குப் போனார்கள். எனக்கு டவுனில் வேறு வேலை இருந்ததால் நானும் பின்சீட்டில் போனேன்.

விற்பனைக்காரர் நல்ல மனிதர். இழுப்பதற்கென்றே ஒரு தொகுப்பு இருக்கிறது என்று விரித்துச் சொன்னார். டிரெய்லர் சக்கரத்துக்கும் சேர்த்துப் பிரேக் பிடிக்கும் கருவி. டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தால் வண்டியே அதை அடக்கும் ஏற்பாடு. கொக்கி மாட்டுவதற்குப் பின்னால் கேமரா. டிரெய்லரின் விளக்கு ஒன்று போனால் திரையில் சொல்லிவிடும். கடைசியாக, விரலால் திருப்பும் ஒரு திருகு. பின்னால் எடுக்கும்போது ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ டிரெய்லர் அந்தப் பக்கம் போகும், மீதியை வண்டி பார்த்துக்கொள்ளும் என்றார்.

கிளென் அந்தத் திருகை ஒருதரம் தொட்டுப் பார்த்தார். "ரேடியோவுக்குன்னு நினைச்சேன்" என்றார்.

அதற்கப்புறம் அவர் சொன்னதெல்லாம் ஒன்றுதான். வருஷத்துக்கு நாலு இழுப்புக்கு இவ்வளவு எதற்கு? மரம் ஏற்றுகிறவனுக்கு வேண்டும், குதிரை ஏற்றுகிறவனுக்கு வேண்டும். நமக்குக் கண்ணாடி இருக்கிறது, கழுத்து இருக்கிறது. முப்பது வருஷம் பத்தடி அகல இரும்புப் பலகையை முன்னால் கட்டிக்கொண்டு ஓட்டியவனுக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டியை இழுக்கத் தெரியாதா? அவர் சொன்னதில் தப்பில்லை என்றே எனக்கும் பட்டது. விற்பனைக்காரரும் தலையசைக்க ஆரம்பித்துவிட்டார்.

மார்சி கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "நாலு தடவைதான். ஆனா அந்த நாலு தடவையும் நான் உன் பக்கத்து சீட்டுல உட்காந்திருக்கேன்."

கிளென் காபிக் கோப்பையைத் தேடினார். அங்கே காபி இல்லை.

எல்லாம் சேர்த்தே வாங்கினார்கள். டிரெய்லருக்கு மின்சாரப் பிரேக் பொருத்தவும் மார்சி விடாப்பிடியாக ஏற்பாடு செய்தாள். கேமரா அடையாளம் கண்டுகொள்வதற்காக டிரெய்லரின் முன்னால் நீளும் ஏர்க்காலில் ஒட்டவேண்டிய கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஒட்டுத்தாளைக் கிளென் கருவிப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டார். மார்சி அதைத் தேடி எடுத்து, ஏர்க்காலைச் சோப்புப் போட்டுத் துடைத்து, ஒட்டினாள்.

அந்த வண்டியில் முதலில் பலன் தந்தது கேமராதான். யாரும் எதிர்பார்க்காத விதத்தில். டிரெய்லரை மாட்டும்போது வண்டியின் பின்னால் இருக்கும் இரும்புக் குண்டு ஏர்க்காலின் வாய்க்கு நேர் கீழே வந்து நிற்க வேண்டும். அதற்காக மார்சி பின்னால் நின்று கை காட்டுவாள். கிளென் கண்ணாடியில் பார்ப்பார். அவள் இடது என்பது அவருக்கு வலது. அவள் 'வா' என்று காட்டுவது அவருக்கு 'போ' என்று தெரியும். இரண்டு பேரும் தேவாலயத்தில் பாடும்போதுகூடக் குரல் உயர்த்தாதவர்கள். அந்தக் கொக்கியருகில் மட்டும் ஊரே கேட்கும். ஒருமுறை அவள் பாதி வேலையில் கையுறையை வீசிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சௌனா அந்த வருடம் கல்யாணத்துக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது.

"நாங்க போட்ட சண்டையில பாதி அந்தக் குண்டுகிட்டதான்" என்று மார்சி சொல்வாள். "மீதி மரச் சாமான் கடையில."

கேமரா வந்தபிறகு கிளென் ஒரே ஓட்டத்தில் வந்து குண்டை அடியில் நிறுத்தினார். மார்சி சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். ஆனால் அடுத்த பயணத்தின்போது அவர் ஹாரன் அடித்து அவளைக் கூப்பிட்டார். "பின்னாடி வந்து நில்லு." திரையில்தான் தெரிகிறதே என்று அவள் கேட்டாள். "தெரியுது. சும்மா நில்லு" என்றார். அவள் போய் நின்றாள். கை காட்டவில்லை. கண்ணாடியில் அவள் தெரிந்துகொண்டிருந்தால் போதும்போல. அதற்கப்புறம் எப்போதும் அப்படித்தான்.

நான் சொல்ல வந்தது பிறகு ஒரு நடுக்கோடைக் கூட்டத்தன்று நடந்தது.

எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு முட்டாள்தனம் உண்டு. சௌனா சூடாவதற்கு நேரம் பிடிக்கும். அதனால் கிளம்பும்போதே அடுப்பைப் பற்றவைத்து, கதவைத் தாழ் போட்டு, புகை விட்டபடி இழுத்துக்கொண்டு போவது. போய்ச் சேரும்போது கல் சூடேறி, தண்ணீர் ஊற்றினால் ஆவி கிளம்பத் தயாராக இருக்கும். எதிரே வருகிறவர்கள் ஹாரன் அடித்துக் கை காட்டுவார்கள். கிளெனின் அப்பா குதிரை வண்டியில் சின்னச் சௌனாவை இப்படி இழுத்தார் என்று ஒரு கதை. உண்மையோ என்னவோ.

அன்று விறகு முழுவதையும் கிளென் பின்படி ஓரத்தில் அடுக்கியிருந்தார், போனதும் கைக்கு எட்ட வேண்டும் என்று. தண்ணீர்ப் பீப்பாயும் பின்னால். அடுப்பும் கல்லும் ஏற்கெனவே பின்னால். முன்பக்கம் இரண்டு வெறும் பலகையும் ஒரு டவல் கூடையும். எடையெல்லாம் வால் பக்கம்; அப்படி இருந்தால் டிரெய்லர் ஆடும். பனிவண்டியில் வாழ்நாள் முழுக்கப் பாரத்தை முன்னால் வைத்தே ஓட்டிய மனிதர், பின்னால் இருக்கும் பாரத்தைப் பற்றி யோசிக்கவில்லை.

பின்னால் என் காரில் நான் போனேன். என் கண் முன்னாலேயே நடந்தது. மேட்டின் சரிவில் இறங்கியதும் புகைபோக்கி முதலில் லேசாக இடதும் வலதும் அசைந்தது. காற்று என்று நினைத்தேன். அடுத்த கணம் சௌனா முழுவதும் ஆட ஆரம்பித்தது. ஒவ்வொரு ஆட்டமும் முன்னதைவிடப் பெரிதாக. ஒரு பக்கம் போகும்போது அதன் சக்கரம் பள்ளத்து ஓரச் சரளையைத் தொட்டுக் கல் தெறித்தது. புகை ரிப்பன்போல வளைந்து வளைந்து என் முன்கண்ணாடியில் வந்து விழுந்தது.

அதற்கப்புறம் டிரெய்லரின் இரண்டு பிரேக் விளக்கும் எரிந்தன. பிக்கப் திணறி வேகம் குறைந்தது. ஆட்டம் ஒருதரம், இன்னொருதரம், பிறகு சின்னதாக ஒன்று. நேரானது. வளைவுக்கு முன்னால் இருக்கும் அகலத்தில் அவர் ஓரம் கட்டினார்.

நான் ஓடிப்போனேன். மார்சியின் இரண்டு கையும் வண்டியின் முன்பலகையில் ஊன்றியிருந்தன. கிளென் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரெய்லர் ஆடியதைக் கட்டுப்படுத்தியதாக அதில் ஒரு வரி இருந்தது.

"நான் மிதிச்சேன்" என்றார். "ஆடினா ஆக்ஸிலேட்டரை மிதிச்சு நேராக்கணும்னு எங்கப்பா... நான் மிதிச்சேன். இது கேக்கல."

அந்தச் சரிவில் வேகம் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் மூவரும் சொல்லிக்கொள்ளவில்லை. பள்ளம் பக்கத்திலேயே இருந்தது, பார்த்துக்கொண்டோம். இழுக்கும் ஆளின் காலுக்கு வண்டி கீழ்ப்படியவில்லை. எரிபொருளைக் குறைத்து, தன் சக்கரத்திலும் டிரெய்லர் சக்கரத்திலும் தானே பிரேக் பிடித்துக்கொண்டது. சொன்ன பேச்சைக் கேட்காத வண்டியில் தன் பெண்டாட்டி உயிரோடு உட்கார்ந்திருப்பதைக் கிளென் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு இறங்கினார். அடுப்பிலிருந்து தணலை வாரி ஈரச் சரளையில் கொட்டி, பீப்பாய்த் தண்ணீர் முழுவதையும் அதன்மேல் ஊற்றினார். விறகை ஒவ்வொன்றாக முன்பக்கம் மாற்றினார். நானும் மார்சியும் எடுத்துக் கொடுத்தோம். மார்சி ஒரு கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "இதெல்லாம் எதுக்குன்னு கேட்டியே" என்று ஆரம்பித்தாள். கிளென் அந்தக் கட்டையை வாங்கிக்கொண்டார். அவள் அடுத்த கட்டையை எடுத்தாள்.

நடுக்கோடைத் திடலில் ஆண்கள் பிக்கப்பின் பின்பலகையில் வரிசையாக உட்கார்ந்து, காபியும் ஏலக்காய் ரொட்டியுமாக, யார் டிரெய்லரை எப்படிப் பின்னால் எடுக்கிறார்கள் என்று பார்த்து விரலால் மதிப்பெண் போடுவது வழக்கம். கிளெனின் ஒன்றுவிட்ட தம்பி ராட்னி, மரலாரி ஓட்டுபவன், அதற்குத் தலைவன் மாதிரி. புகை இல்லாமல் சௌனா வந்ததைப் பார்த்ததுமே அவன் பிடித்துக்கொண்டான்.

"என்ன கிளென், அடுப்பு ஊதவும் அந்த வண்டியில பட்டன் வாங்கலையா?"

"கொஞ்சம் காத்து" என்றார் கிளென். அவ்வளவுதான். அன்று சௌனா சூடாக இரவு சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது, எல்லோரும் கேலி செய்தார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் அவர் கொட்டகைக்குள் போய்ச் சௌனாவைப் பாதி பிரித்தார். பின்னாலிருந்த அடுப்பையும் கல்லையும் சக்கர அச்சுக்கு முன்னால் கொண்டுவந்தார். புகைபோக்கிக்குக் கூரையில் புது ஓட்டை. தண்ணீர்ப் பீப்பாய் இனி கிடையாது, ஏரித் தண்ணீரே போதும் என்று இரண்டு வாளி. வெல்டிங் பார்க்கப் போன என்னிடம் ஒரே ஒருமுறை அதைப் பற்றிப் பேசினார். முகமூடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"வண்டியில இருக்கிற அந்தக் கருவி ஒரு தப்பைப் பொறுத்துக்கிச்சு. அதுக்காக வருஷா வருஷம் அதுகிட்ட தப்பு பண்ணிட்டு நிக்க முடியுமா? பாரத்தைச் சரியா வைக்கிறது என் வேலை. நான் மறந்த அன்னிக்கு மட்டும்தான் அதுக்கு வேலை."

"அப்ப வாங்கினது சரிதான்?" என்றேன்.

"திருகு வேஸ்ட்" என்று சொல்லிவிட்டு முகமூடியை இறக்கிக்கொண்டார்.

திருகு வேஸ்ட் இல்லை என்று தெரிய இன்னும் சில வருஷம் ஆனது. கழுத்து எலும்பு தேய்ந்து, அவரால் தலையை ஒரு பக்கம் திருப்பவே முடியாமல் போனது. கண்ணாடியை மட்டும் நம்பிப் பின்னால் எடுத்தார். மூன்று தரம் முன்னால் போய், நான்காம் தரம் நேராக வரும். நடுக்கோடைத் திடலில் அவருக்குக் காட்டும் மதிப்பெண் விரல்கள் குறைய ஆரம்பித்தன. பிறகு இதயத்திலும் ஏதோ அடைப்பு என்று சொன்னார்கள். ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லவில்லை. இழுக்கலாமா என்று கிளென் கேட்கவுமில்லை. அந்த வருடத்திலிருந்து குவாரி மேட்டுப் பயம் எங்களுக்கு மறுபடி வந்தது. அவர் டிரெய்லரோடு கிளம்பினால், ஏரிக்குப் பத்திரமாக வந்தாச்சு என்று மார்சி அழைக்கும்வரை, ஆசிரியையான நான் பாடத் திட்டம் எழுத முடியாமல் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு ஞாயிறு காலை, எல்லோரும் தேவாலயத்தில் இருக்கிற நேரத்தில், நான் வேலை செய்யும் பள்ளிக்கு விடைத்தாள் எடுக்கப் போனேன். பின்பக்கத்து வெறும் திடலில் சௌனா நிலைகொள்ளாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பனிக்கட்டியில் கால் வைத்த நாய்போல ஒரு பக்கம் சறுக்கி, நின்று, மறு பக்கம் சறுக்கியது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கிளென் திருகைப் பிடித்துக்கொண்டு வாயை இறுக்கியிருந்தார். பக்கத்தில் மார்சி.

என்னைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கினார். "பள்ளிக்கூடம் லீவுதானே?"

"லீவுதான்."

"அப்ப நீ இங்க இல்ல."

நான் அங்கே இல்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளெனுக்கு அது வரவில்லை. டிரெய்லரை வலப்பக்கம் தள்ள வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்ப வேண்டும் என்பது அவர் எலும்பில் ஊறியிருந்தது. திருகோ நேருக்கு நேர்: வலம் என்றால் வலம். நாற்பது வருஷப் பழக்கம் ஒவ்வொரு முறையும் அவர் கையை எதிர்ப்பக்கம் இழுத்தது. கடைசியில் இறங்கி, மார்சியை அந்தச் சீட்டில் உட்கார வைத்தார். அவளுக்கு எந்தப் பழக்கமும் இல்லை. மறக்க வேண்டியது எதுவும் இல்லாததால் மூன்றாவது முயற்சியில், அடையாளத்துக்கு வைத்திருந்த இரண்டு கூம்புகளுக்கு நடுவில் சௌனாவைக் கொண்டுவந்து நிறுத்தினாள். கிளென் வெளியே நின்று அதைப் பார்த்தார். சிகரெட் விட்டுப் பல வருஷம் ஆகியும் சட்டைப் பையைத் தடவினார்.

"சரிதான்" என்றார்.

ஊர்க்காரர்கள் முன்னால் அவர் திருகைக் கடைசிவரை தொடவில்லை. கண்ணாடியைப் பார்த்து, முன்னும் பின்னும் போய், ராட்னியிடம் இரண்டு விரல் வாங்கிக்கொண்டார். மார்சியும் வாயைத் திறக்கவில்லை.

இந்த அக்டோபரில் கேம்பைச் சாத்திவிட்டு அவர் தனியாகத்தான் மேடு ஏறினார். மார்சி திரைச்சீலைகளைத் துவைக்க முந்தின நாளே வீட்டுக்கு வந்துவிட்டாள். வழியில் திரையில் எச்சரிக்கை வந்திருக்கிறது: டிரெய்லரின் வலது விளக்கு எரியவில்லை. கடையில் நிறுத்திப் புது பல்ப் ஒன்று வாங்கியிருக்கிறார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை போட்டுவிட்டு, வந்து பார்த்த மார்சியிடம், "வலது விளக்கு போயிடுச்சு. காபி குடிச்சிட்டு மாத்துறேன்" என்றாராம். அவள் காபி எடுக்க உள்ளே போனாள்.

ருவோனா வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. அடக்கம் முடிந்த சாயங்காலம் ஏரிக்கரையில் சௌனா மூட்டுவார்கள். முதலில் பெண்கள், பிறகு ஆண்கள். இறந்தவரைப் பற்றி உள்ளே யாரும் பேசமாட்டார்கள். கல்லில் தண்ணீர் ஊற்றுவார்கள், அவ்வளவுதான். கிளெனின் அப்பாவுக்கு அப்படித்தான் நடந்தது. கேம்பிலிருந்த பழைய சௌனாவின் கூரை சரிந்து பல வருஷம் ஆகிவிட்டது. அதனால் கிளென் அப்போதுதான் ஏற்றிக்கொண்டு வந்ததை மறுபடி இறக்க வேண்டியிருந்தது.

ராட்னி தானாக வந்து கேட்டான். கிண்டல் எதுவும் இல்லை அவன் முகத்தில். "நான் இறக்குறேன் மார்சி. நீ பக்கத்துல உட்காந்துக்கோ."

மார்சி அவனுக்கு ரொட்டி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். தட்டை அவன் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "பக்கத்துல உட்காந்தது போதும் ராட்னி."

அவன் என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்ல? அவள் மேட்டில் டிரெய்லர் இழுத்ததே இல்லை. பள்ளித் திடலில் நிறுத்தியிருக்கிறாள், அவ்வளவே. கிளென் போனதில் கிடைத்த நிம்மதி அந்த மூன்று நாளில் என்னிடமிருந்து மறுபடி கழன்றுவிட்டது. அவரை விட்ட மேடு இவளுக்காகக் காத்துக்கொண்டிருப்பதுபோலத் தோன்றியது. சொல்லிப் பார்த்தேன். ராட்னிக்குத் தினமும் இதுதானே வேலை என்றேன்.

"அவன் நல்லா ஓட்டுவான்" என்றாள். "எனக்கு ஓட்டம் பயமில்லடி. ஒண்ணும் பண்ண முடியாம பலகையைப் பிடிச்சிட்டு உட்கார்றதுதான் பயம்."

தேவாலயக் கூடத்தில் சாப்பாடு நடந்துகொண்டிருக்கும்போதே நாங்கள் கிளம்பினோம். விறகை அவளே முன்பக்கம் அடுக்கினாள். அடுப்பு மூட்டவில்லை. வண்டியைக் கிளப்பியதும் திரையில் அந்த வலது விளக்கு எச்சரிக்கை வந்தது. அவசரத்தில் யாருக்கும் அது ஞாபகமில்லை. கல்லறையிலிருந்து வருகிறவர்கள் ஏரிக்கரைக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள் என்று செய்தி வந்திருந்தது. "நீ பின்னாடி ஒட்டி வா, விளக்கைச் சிமிட்டிட்டு" என்றாள்.

அப்படித்தான் நான் மறுபடி அந்தச் சௌனாவின் பின்னால் குவாரி மேட்டில் இறங்கினேன். இந்த முறை புகை இல்லை. அவள் மேட்டின் தலையிலேயே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, நடப்பவரைவிடக் கொஞ்சம் வேகமாக இறங்கினாள். எனக்கு முன்னால் ஒரே ஒரு விளக்கு, இடது பக்கம், சிவப்பாக எரிவதும் அணைவதுமாக இருந்தது. நான் அந்தப் புகைபோக்கியையே பார்த்துக்கொண்டு போனேன். மரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், அசைகிறதா என்று. வளைவு வந்தது. புகைபோக்கி நின்ற இடத்திலேயே நின்றது. வளைவு போனது. கீழே ஏரி தெரிந்தபோது, நான் என் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

கேம்புக்குள் போகும் பாதை இரண்டு வரிசைப் பைன் மரங்களுக்கு நடுவில் ஒடுக்கமானது. பின்னால் எடுத்துத்தான் போக முடியும். கறுப்புக் கோட்டுப் போட்ட ஆண்கள் காகிதத் தட்டோடு ஓரமாக நின்றிருந்தார்கள். பின்பலகையில் யாரும் உட்காரவில்லை. மார்சி சாலையில் முன்னால் போய் நிறுத்தினாள். ஸ்டீயரிங் தானாகச் சுற்ற ஆரம்பித்ததைக் கண்ணாடி வழியாக எல்லோரும் பார்த்தார்கள். அவள் இரண்டு விரலால் திருகைப் பிடித்திருந்தாள். சௌனா மெதுவாக, ஒரு முறைகூட முன்னால் போகாமல், மரங்களுக்கு நடுவே சென்று பழைய சௌனா இருந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றது.

யாரும் விரல் காட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ராட்னி தன் தட்டைப் பார்த்தபடி சொன்னான்: "கிளெனா இருந்தா இதுக்குள்ள மூணு தடவை முன்னாடி எடுத்திருப்பான்."

முதலில் சிரித்தது மார்சிதான். அப்புறம்தான் மற்றவர்கள் தைரியமாகச் சிரித்தார்கள். அடக்கத்தன்று அப்படிச் சிரிக்கலாமா என்று யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை.

கல் சூடேறியதும் பெண்கள் உள்ளே போனோம். முதல் கரண்டித் தண்ணீரை மார்சி ஊற்றினாள். ஆவி எழுந்து கூரையைத் தொட்டு எங்கள் தோளில் இறங்கியது. அங்கே பேசக் கூடாது. ஆனாலும் அவள் என் காதருகில் குனிந்து, "நேரா வந்துச்சில்ல?" என்று கேட்டாள்.

"நேரா வந்துச்சு" என்றேன்.

ஆண்கள் குளித்து முடித்து, எல்லோரும் கிளம்பும் நேரத்தில், ராட்னி ஈரத் தலையோடு அவளிடம் வந்தான். மரலாரி கம்பெனியுடையது, சொந்தமாக ஒரு பிக்கப் வாங்கப் போகிறானாம். கோடையில் இரண்டு மூன்று தடவை படகு இழுப்பதோடு சரி. "அந்தச் சாமானெல்லாம் உண்மையிலேயே வேணுமா மார்சி? சும்மா கேக்குறேன்."

"உன் பக்கத்து சீட்டுல யாரு உட்கார்றா?"

"டெனிஸ்தான்" என்று பெண்டாட்டி பேரைச் சொன்னான்.

"அப்ப என்கிட்ட ஏன் கேக்குற? அவகிட்ட கேளு."

மறுநாள் காலை அவளே அதை மேடு ஏற்றிக் கொண்டுவந்தாள். அன்று நான் பின்னால் போனபோது வானொலி போட்டுக்கொண்டேன். சௌனா இப்போது கொட்டகையில், தார்ப்பாய்க்கு அடியில், சக்கரங்களுக்குக் கட்டையோடு நிற்கிறது. பல்ப்பை மாற்றித் தரட்டுமா என்று நேற்றுக்கூடக் கேட்டேன். காபி குடித்துவிட்டுப் பார்க்கலாம் என்றாள். குடித்தோம், வேறு எதையோ பேசினோம். பல்ப் இன்னும் பிக்கப்பில், கோப்பை வைக்கும் குழியில், பிரிக்காத அட்டையோடு இருக்கிறது.